நிலாவில் தறிக்கு லீவு

அமாவாசையன்று ஆரணியில் தறி ஓடாது. அதனால் நூலகத்தில் என் அறிவியல் கதை வாசிப்பை அன்றைக்கே வைத்தார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் கதையை முதன்முறையாகக் கேட்க வந்த அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கடைசிவரை இருப்பாரா என்பதுதான் என் கவலை.

நிலாவில் குடியேறிய நெசவாளர்களின் கதை அது. பாதியில் அம்மா எழுந்துவிட்டார்.

"ஏண்டி, நிலாவுலயே குந்திகினு இருந்தா அமாவாசை எப்படி வரும்? தறிக்கு லீவே இல்லியா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பதில் தெரியும்.

"அங்கேருந்து பார்த்தா பூமிதாம்மா தேயும், வளரும். அது இருட்டாத் தெரியுற அன்னிக்கு லீவு."

"மாசா மாசமா?"

"மாசா மாசம்."

"அப்ப சரி, படி" என்று அம்மா உட்கார்ந்தார்.