என் மொட்டைக்கு முருகன் பொறுப்பல்ல

செல்வியின் நோய் இந்த அளவுக்கு முற்றியதற்கு நான்தான் காரணம். வேறு யாரும் இல்லை.

சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் துரை முதல் கணக்கப்பிள்ளை வரை என் வாய்க்குப் பயப்படுவார்கள். தண்ணீர்க் குழாய் உடைந்தால் ஆபீசுக்குப் போய்ச் சத்தம் போடுவது நான். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் தங்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளை மடுவத்தில், அத்தனை வாண்டுகளையும் ஒரே அதட்டலில் தூங்க வைப்பதும் நான். புவனேஸ் என்றால் வாய், வாய் என்றால் புவனேஸ்!

அந்த வாய், பேசியே ஆகவேண்டிய ஒரு நாளில் மூடிக்கொண்டது. ஏன் மூடியது என்பதைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன். கேட்டுவிட்டு நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் அதைச் சொன்னபோது நான் அழவில்லை. முதலில் கீமோ மருந்து, கட்டி சுருங்கியதும் ஒப்பரேஷன் என்றார். "சரிங்க டாக்டர், எப்ப தொடங்குறது?" என்று கேட்டேன். வீரம் என்று எண்ணிவிடாதீர்கள்... என் நினைப்பெல்லாம் வேறு இடத்தில் இருந்தது.

என் மகள் காயத்திரிக்கு அப்போதுதான் அப்புத்தளைப் பக்கம் ஒரு நல்ல இடம் பேசி முடிந்திருந்தது. தகப்பன் இல்லாமல் நான் ஒருத்தியாக வளர்த்த பெண். தாய்க்குக் கேன்சர் என்றால் மகளுக்கும் வரும் என்று சொல்லி, தாம்பூலம் மாற்றியவர்களே திரும்பிப் போனதை எங்கள் தோட்டத்தில் பார்த்திருக்கிறேன். ஆகவே முடிவு செய்தேன். என்னையும் என் மகளையும் தவிர மூன்றாவது ஆளுக்குத் தெரியக்கூடாது!

லயத்தில் ரகசியம் காப்பது எவ்வளவு கடினம் தெரியுமா? தொழிலாளர் குடியிருப்பு வரிசை அது. அடுத்தடுத்துக் காம்பரா அறைகள், நடுவில் ஒற்றைச் சுவர். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டிலிருந்து "நூறு வயசு" என்பார்கள். நானோ மருந்து ஏற்றிய மறுநாள் குடலே வெளியே வருவது போல வாந்தி எடுத்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் "கேஸ்ட்ரிக்" என்றேன்.

தண்ணீர் கூட இரும்பாக ருசித்தது. வாய் முழுதும் புண். உள்ளங்காலில் நெருப்பு. நகங்கள் கருத்தன. இரண்டாவது தடவை மருந்து ஏற்றப் போனபோது, இதோடு விட்டுவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் கிளினிக்கின் நீள வாங்கில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு பெண்மணி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் பையிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்துக் கீறி, எலுமிச்சை மணம் வர என் மூக்கருகே நீட்டினார்.

"மோந்து பாரு புள்ள. எனக்கும் இப்படித்தான் ஈந்த."

பண்டாரவளையில் புடைவைக் கடை வைத்திருப்பவரின் மனைவி, பரீனா ராத்தா. முஸ்லிம்கள் வழக்கில் ராத்தா என்றால் அக்கா, ஈந்த என்றால் இருந்தது. சிகிச்சை முடிந்து நலமானவர். என் போனை வாங்கி, அங்கேயே ஒரு வட்ஸ்அப் குரூப்பில் என்னைச் சேர்த்துவிட்டார். ஊவாப் பக்கத்துத் தமிழ் பேசும் பெண்கள்... தோட்டத்தவர்கள், டவுன்காரர்கள், எல்லோருக்கும் ஒரே நோய். யாரும் எழுதுவதில்லை. எல்லாம் குரல்தான்.

என் பெயர் அங்கே வேண்டாம் என்றேன். ஒரு பூப்படத்தைப் போட்டு, "ரோஜா" என்று வைத்துக்கொண்டேன்.

எங்கள் தோட்டத்தில் பிள்ளை மடுவத்தின் பின்னால் தண்ணீர்த் தொட்டியருகே மட்டும் சிக்னல் எடுக்கும். பிள்ளைகள் தூங்கும் வேளையில் அங்கே போய் உட்கார்ந்து போனைக் காதில் வைத்துக்கொள்வேன். "எவர்சில்வர் கரண்டிய தூர வை, பலகைக் கரண்டியால சாப்பிடு, இரும்பு ருசி கொறையும்." "கொதிச்சாறின தண்ணியில உப்பும் அப்பச்சோடாவும் போட்டு வாய் கொப்புளி." "வயிறு நெறைய ஒரேயடியா சாப்பிடாத, கொஞ்சம் கொஞ்சமா குடி." "காய்ச்சல் வந்தா கசாயம் வச்சுக்கிட்டுக் கெடக்காத, ஒடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு." ஒவ்வொன்றையும் செய்தேன். ஒவ்வொன்றும் என்னை ஒரு நாள், இன்னொரு நாள் என்று இழுத்துச் சென்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் குரல்கள் இல்லாவிட்டால் நான் பாதியிலேயே விட்டிருப்பேன்.

சும்மா கேட்டுக்கொண்டிருக்கிற ஆளா நான்? சில வாரங்களிலேயே ரோஜாவின் குரல்தான் அங்கே ஓங்கி ஒலித்தது! பசறைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி இனி மருந்து வேண்டாம் என்று அழுதபோது, நான் போட்ட சத்தத்தில் அடுத்த நாளே பஸ் ஏறிவிட்டாள். "நம்ம ரோஜா ஈக்கக்குள்ள என்ன பயம்?" என்பார் பரீனா ராத்தா.

போனில் நான் உண்மை. லயத்தில் நான் பொய்.

சீப்பில் முடி கொத்தாக வரத் தொடங்கியதும் அந்தப் பொய்க்கு ஆபத்து வந்தது. தலையை எத்தனை நாள் மூடி வைப்பது? அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. பெரகல சந்தியில் ஒரு பக்கம் நின்றால் பதுளைக்குப் பஸ். ரோட்டைக் கடந்து மறுபக்கம் நின்றால் வெல்லவாய வழியாகக் கதிர்காமம் போகலாம். மகளை அழைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தேன்.

கதிர்காமத்தில் மொட்டை போட்டுக்கொண்டு, சந்தனம் பூசிய தலையோடு வந்து இறங்கினேன். லயம் முழுவதும் திருநீறு கொடுத்தேன். மகள் கல்யாணத்துக்கு நேர்ந்துகொண்டேன் என்றேன். யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. நோயாளியின் தலையை ஒரே நாளில் பக்தையின் தலையாக்கிவிட்டேன்!

அதோடு நிறுத்தியிருக்கலாம்...

ஒரு மாலை, பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த பெண்கள் மடுவத்து வாசலில் நின்றபோது ஒருத்தி கேட்டாள்: "ஏன்க்கா, பதுளையில கட்டி பாக்குற கிளினிக்ல ஒங்களப் பாத்ததா எங்க வீட்டுக்காரர் சொன்னாரே?"

எல்லாக் கண்களும் என்மேல். நான் அசரவில்லை.

"ஆமா, கட்டி ஒண்ணு இருந்துச்சு. டாக்டர் வெட்டணும்னாரு. நான் கந்தன்கிட்ட முடிய நேந்துக்கிட்டேன். கரைஞ்சு போச்சு! வேணும்னா தொட்டுப் பாரு!"

கட்டி கரைந்துகொண்டிருந்தது உண்மை. கரைத்தது மருந்து. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். அந்தக் கூட்டத்தில் இடுப்பில் மகளை வைத்துக்கொண்டு செல்வியும் நின்றாள்.

செல்வி என் அடுத்த காம்பராக்காரி. கணவன் கொழும்பில் கடையொன்றில் வேலை. எங்கள் மலையில் அவளைப் போல் முடி யாருக்கும் கிடையாது. அவிழ்த்துவிட்டால் இடுப்பைத் தாண்டும். நாலைந்து நாள் கழித்து, எல்லோரும் போன பிறகு மடுவத்துக்கு வந்தாள். மகளுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அக்கா... ஒங்களுக்குக் கட்டி வலிச்சுச்சா?"

"ஏன் கேக்குற?"

"சும்மாதான்க்கா." அவள் கை இடது கக்கத்துப் பக்கம் போய் நின்றது. "வலி இல்லன்னா பரவால்லதானே?"

எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நொடியே தெரிந்துவிட்டது! வலிக்காத கட்டியைப் பற்றி அந்த வாரம்தான் குரூப்பில் வெலிமடைப் பிள்ளை ஒருத்திக்கு மூச்சு விடாமல் பேசியிருந்தேன். "வலிக்கலன்னு விட்டுறாத. நாளைக்கே போய்க் காட்டு." முகம் தெரியாத ஒருத்திக்குச் சொன்னதை, சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துறங்குபவளுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால், "ஒங்களுக்குத்தான் கரைஞ்சிருச்சே" என்பாள். பிறகு முழுவதையும் சொல்ல வேண்டிவரும். அடுத்த வாரம் பரிசம் போட மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்...

"எல்லாம் சரியாகும் செல்வி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

பால் கட்டியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரை ஏமாற்றுகிறேன்? அவள் மகள் தாய்ப்பால் மறந்து எவ்வளவோ காலம். அந்தக் குழந்தைக்கு மடுவத்தில் பால்மா கரைத்துக் கொடுத்ததே நான்தானே!

பரிசத்துக்கு முதல் நாள் செல்வி கதிர்காமத்திலிருந்து வந்தாள். அவ்வளவு முடியும் போய்விட்டது. சிரித்த முகத்தோடு நேராக என் வாசலுக்கு வந்து, "நானும் நேந்துக்கிட்டேன்க்கா" என்று தலையைக் குனிந்தாள். வெயிலில் சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. நான் உள்ளே போய்ச் சந்தனம் குழைத்து எடுத்து வந்து, என் கையாலேயே அந்தத் தலையில் பூசிவிட்டேன். இதை நினைக்கும்போதெல்லாம் என் கையின்மேல் எனக்கு வெறுப்பு வருகிறது.

கல்யாணம் முடிந்த மறுநாளாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேளுங்கள், நியாயம்தான். முதலில் மறுவீடு என்றேன். பிறகு என் ஒப்பரேஷன் வந்தது. அதற்குக் கர்ப்பப்பை என்று ஒரு பொய். பிறகு மகள் முழுகாமல் இருக்கிறாள், இந்த நேரத்தில் சம்பந்தி வீட்டில் கலவரம் வேண்டாம் என்றேன். ஒவ்வொரு சாக்கும் அந்தந்த நாளில் எனக்கு நியாயமாகவே பட்டது. என் தலையில் முடி வளர்ந்தது. செல்வியின் தலையிலும் வளர்ந்தது. அவளுக்குள்ளே கட்டியும் வளர்ந்தது.

கை வீங்கிக் கொழுந்துக் கூடையைத் தூக்க முடியாமல் போன பிறகுதான் அவளைப் பதுளைக்குக் கொண்டுபோனார்கள். ஈரல் வரை போய்விட்டதாம். இவ்வளவு நாள் என்ன செய்தாய் என்று டாக்டர் கேட்டதற்கு, "சாமி பாத்துக்கும்னு இருந்தேன்" என்றாளாம். முருகா! உன் பெயரில் நான் சொன்ன பொய்க்கு நீ ஏன் பழி சுமக்க வேண்டும்?

அவளையும் அதே வாங்கில் பரீனா ராத்தா கண்டிருக்கிறார். ஒரு மத்தியானம் தொட்டியருகே போனைத் திறந்தேன். "புதுப் புள்ள ஒன்று வந்தீக்கி, நல்லாப் பயந்து போயீக்கி. ரோஜா, நீ கொஞ்சம் பேசு" என்றது ராத்தாவின் குரல். பேசினேன், வழக்கம் போல, நிமிர்ந்த குரலில். கரண்டி, அப்பச்சோடா, கஞ்சி, காய்ச்சல்... எல்லாம் சொன்னேன். புதிய பிள்ளை யார் என்று கேட்கவே தோன்றவில்லை.

பதில் வரவில்லை. அன்று மாலை செல்வி மடுவத்து வாசலில் வந்து நின்றாள். தலையில் துண்டு கட்டியிருந்தாள். வளர்ந்த முடி மறுபடியும் உதிரத் தொடங்கியிருந்தது.

"அக்கா, அந்த குரூப்ல எப்ப சேந்தீங்க?"

பொய் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். முதன்முறையாக நான் அதைச் செய்யவில்லை.

"மொட்டை போடுறதுக்கு முன்னாடியே."

"அப்ப, நான் வந்து கேட்டன்னைக்கு..."

"தெரியும் செல்வி."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். அதற்கும் இடம் தரவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போனாள். அதற்குப் பிறகு லயத்தில் அவள் என்னோடு பேசவில்லை. வாசலில் எதிர்ப்பட்டாலும் என்னைத் தாண்டிப் போய்விடுகிறாள்.

ஆனால் குரூப்பில் பேசுகிறாள். இரண்டு நாள் கழித்து அவள் குரல் வந்தது. "ரோஜா அக்கா, வாயெல்லாம் புண்ணாப் போச்சு, என்னா செய்யிறது?" பதில் சொன்னேன். "அவ சொல்றதக் கேளு" என்று பரீனா ராத்தா இடையில் வந்து சொன்னார். உடனே செல்வியின் பதில் வந்தது, அமைதியான குரலில்:

"கேப்பேன் ராத்தா. ரோஜா அக்கா சொன்னத நான் எப்பவும் கேட்டுத்தான் நடந்திருக்கேன்."

எல்லோரும் அதற்கு இதயம் போட்டார்கள். எத்தனை சிவப்பு இதயங்கள்! அர்த்தம் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டும்.

இப்போது உங்களுக்கும் தெரியும். இதைச் சம்பந்தி வீட்டார் படித்தால் படிக்கட்டும். என் மகளிடம் சொல்லிவிட்டேன், இனி மறைக்க மாட்டேன் என்று. குரூப்பிலும் நாளைக்கு என் சொந்தப் பெயரில், சொந்தக் குரலில் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். என்னை வெளியேற்றினால் வெளியேறுவேன். அந்தத் தைரியமெல்லாம் எனக்கு உண்டு.

ஆனால் ஒன்று... சில பகல்களில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் குரல் எனக்கே கேட்கிறது. செல்வி போனில் என்னைப் போட்டுக் கேட்கிறாள். "கொஞ்சம் கொஞ்சமா குடி, வாந்தி வந்தாலும் பரவால்ல, மறுபடி குடி" என்று அதட்டுகிறேன். முடிந்ததும் திரும்பவும் முதலிலிருந்து போடுகிறாள்.

தினமும் கஞ்சி காய்ச்சி, ஆறவைத்து, பலகைக் கரண்டியோடு அவள் வாசற்படியில் வைத்துவிட்டு வருகிறேன். மாலையில் பாத்திரம் கழுவி, என் படியில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். அவள் குடித்தாளா, வாய்க்காலில் கொட்டினாளா... எனக்குத் தெரியாது. துரையிடம் சத்தம் போடுகிற எனக்கு, அதைக் கேட்க வாய் வரவில்லை.