பிரித்தெடுத்த பெயர்

மன்னாரில் செலீனா வளர்ந்த கன்னியர் மடத்தில் அநாதைப் பிள்ளைகளுக்குத் தையல் கட்டாயம். ஒரு துணியில் ஆங்கில எழுத்து வரிசை, ஒரு பூ, கீழே தைத்தவளின் பெயர், வயது, ஆண்டு. செலீனா அதைப் பதினொரு வயதில் தைத்தாள்.

1986இல் ஹேர்னிங் என்ற ஐரோப்பிய ஊரின் அகதி முகாமில் நானும் அவளும் ஒரே அறை. எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பதால் எல்லோருக்கும் நான்தான் வாய். அங்கே அவள் பெயர் விக்ரோரியா. அது அவளுடைய அக்காவின் பெயர். பாஸ்போட் கைக்கு வந்த கிழமையே அக்கா துப்பாக்கிச் சூடுபட்டு இறந்துவிட்டாள். ஏஜென்சிக்காரன் படத்தை மாற்றித் தங்கையை விமானம் ஏற்றிவிட்டான். பொலிஸிடம் அந்தப் பெயரையே சொல்லிவிட்டு அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருந்தாள். பொய் பிடிபட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று இருவரும் செத்துச் செத்துப் பிழைத்தோம்.

கிர்ஸ்டன் என்ற ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை செவ்வாய்தோறும் முகாமுக்கு வருவாள். ஒருநாள், ஏழைப் பள்ளிச் சிறுமிகள் நூறு வருடங்களுக்கு முன் தைத்த துணிகளை விரித்துக் காட்டினாள். நூலகத்தில் கண்காட்சி வைக்கப்போகிறாளாம். தைத்தவளின் பெயரோடு அவள் சகோதரங்களின் பெயர்களும் இருந்தன; சிலவற்றின் பக்கத்தில் சிறு கறுப்புச் சிலுவை இருந்தது. செத்துப்போன சகோதரங்கள் என்றாள்.

செலீனாவுக்கு எங்கிருந்து அந்தப் புளுகம், அந்தச் சந்தோஷம் வந்ததோ, ஓடிப்போய் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த தன் துணியை எடுத்துவந்து நீட்டினாள். கிர்ஸ்டன் பூவைத் தடவிப் பார்க்கும்போதுதான் கீழே இருந்த தன் உண்மைப் பெயர் செலீனாவுக்கு நினைவு வந்தது. பறித்து மடித்துக்கொண்டாள்.

“தோய்ச்சுப்போட்டுத் தாறன் எண்டு சொல்லுங்கோ அக்கா.”

சொன்னேன். அன்று மத்தியானமே பிளேட்டால் பெயர், வயது, ஆண்டு மூன்றையும் பிரித்தாள். வெளிறிய இடத்தில் தேயிலைச் சாயம் பூசினோம். பிறகு ஒன்றுமே தெரியவில்லை.

அடுத்த செவ்வாய் கிர்ஸ்டன் துணியை ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். ஊசித் துளைகள் வழியே வெளிச்சம் வந்தது. ஒவ்வோர் எழுத்தாக வாசித்தாள்.

“செலீனா யார்?”

“என்ர தங்கச்சி. செத்துப்போனாள் எண்டு சொல்லுங்கோ.”

அதையும் சொன்னேன். அதற்காக என் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. கிர்ஸ்டன் துணியைக் கொண்டுபோனாள். அந்தக் கிழமை முழுக்கச் செலீனா அறையை விட்டு வெளியே வரவில்லை. வாசலில் கார் நின்றால் பொலிஸ்தான் என்று ஜன்னலுக்கு ஓடினாள்.

பொலிஸ் வரவில்லை. கிர்ஸ்டன்தான் வந்து எங்களை நூலகத்துக்குக் கூட்டிப்போனாள். துணி கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அதே துளைகளில் சிவப்பு நூல் ஏற்றி, பெயரைத் திரும்பத் தைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு சிறு கறுப்புச் சிலுவை.

செலீனா அதை நெடுநேரம் பார்த்தாள்.

“வடிவாயிருக்கு எண்டு சொல்லுங்கோ அக்கா.”