அறுபத்தொரு நிமிடம்

என் மாமியாருக்கு வயது அறுபத்தொன்று. உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் கம்மி. பிடிவாதம் கூரையை முட்டும். இருபத்தெட்டு வருடமாகக் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறார். வருகிற போகிற எல்லோருக்கும் அவர் அத்தைதான். பெற்ற மகனே, அதாவது என் வீட்டுக்காரரே, வாய் தவறி அப்படிக் கூப்பிட்டதுண்டு.

காப்பகம் திட்டம் போட்டுத் தொடங்கியதல்ல. அடுத்த வீட்டு நர்ஸ் ஒருநாள், “ஒரு மணி நேரம் பாத்துக்கங்கக்கா, டியூட்டி முடிஞ்சதும் ஓடி வந்துடறேன்” என்று தன் இரட்டைக் குழந்தைகளை முன்னறையில் விட்டுப் போனார். அந்த ஒரு மணி நேரம் மூன்று வருடம் நீண்டது. அதற்குள் தெருவெல்லாம் செய்தி பரவி, முன்னறை போதாமல் படுக்கையறையும், அதுவும் போதாமல் மாமாவின் பட்டறையும் பறிபோயின. மாமா எலக்ட்ரீஷியன். பிளக் பாயின்டுகளையெல்லாம் தோள் உயரத்துக்கு ஏற்றிவிட்டு, தன் சாமான்களைக் கட்டிலுக்கடியில் தள்ளிக்கொண்டார். நானும் கல்யாணமான எட்டாம் நாளே மூக்குத் துடைக்கத் தொடங்கிவிட்டேன்.

மதியம் சாப்பிடுமுன் ஜெபம். ஒவ்வொரு குழந்தையும் ஏதாவது ஒன்றுக்கு நன்றி சொல்ல வேண்டும். பல்லிக்கும், புதுச் செருப்புக்கும், பக்கத்துப் பையனுக்கு வந்த சளிக்கும்கூட ஆண்டவர் எங்கள் வீட்டில் நன்றி பெற்றிருக்கிறார். அத்தை எதையும் திருத்த மாட்டார்.

அடுத்தது மஞ்சள் நாற்காலி. தப்பு செய்தவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு அதில் பேசாமல் உட்கார வேண்டும், வயதுக்கு ஒரு நிமிடம். மூன்று வயதென்றால் மூன்று நிமிடம். இதுவரை சரி. “ஆண்டவரே குனிஞ்சு சீடருங்க காலைக் கழுவினாரு. நாம மட்டும் பெரியவங்கன்னு தப்பிச்சுக்கலாமா?” என்று பெரியவர்களையும் இதில் சேர்த்துவிட்டதுதான் வினை. பெயின்டைக் கொட்டிய பிள்ளையிடம் எரிந்து விழுந்ததற்காக மாமா ஒருமுறை ஐம்பத்தொன்பது நிமிடம் உட்கார்ந்தார். அவரை நிமிர்த்தி நிறுத்த இரண்டு ஆள் தேவைப்பட்டது.

போன மாதம், ஒரு வியாழக்கிழமை, உரிமத்தைப் புதுப்பிக்க ஆய்வாளர் வந்தார். பழைய உரிமம் சனிக்கிழமையோடு முடிகிறது. அவர் கையெழுத்துப் போடாவிட்டால் திங்கட்கிழமை கதவைத் திறக்க முடியாது. முப்பத்திரண்டு குழந்தைகளின் அம்மா அப்பாக்கள் வேலைக்குப் போன மாதிரிதான்.

மனிதர் சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். முதல் அறையைப் பார்த்து முடிப்பதற்குள் சட்டைப் பையைத் தடவினார்.

“என் பேனா எங்க? இங்கதான் இருந்துச்சு. உங்க பிள்ளைங்கதான் யாராவது எடுத்திருக்கும்.”

அத்தையின் கண் நேராக வாலுவிடம் போனது. வாலுவுக்கு நாலு வயது. சாவி, சீப்பு, சோப்பு என்று கையில் கிடைத்ததையெல்லாம் கவுனுக்குள் பதுக்கும் மகராசி.

“நான் எடுக்கல.”

“வாலு, பொய் சொல்லக் கூடாது. போய் உக்காரு.”

அவள் நாலு நிமிடம் உட்கார்ந்தாள். அழவில்லை, உதடு மட்டும் துடித்தது. அடுத்த அறையில் ஆய்வாளர் பிடிக்கச் சொன்ன ஃபைலை நான் திருப்பினேன். இரண்டு தாளுக்கு நடுவில் பேனா சொகுசாகப் படுத்திருந்தது.

“அட, இங்கயா இருக்கு! சரி விடுங்க, சின்னப்புள்ள, மறந்துடும்” என்றார்.

அத்தை விடவில்லை. வாலுவின் முன்னால் மண்டியிட்டார். “நீ எடுக்கல. நான்தான் தப்பா சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோ கண்ணு” என்றவர், போய் மஞ்சள் நாற்காலியில் உட்கார்ந்தேவிட்டார்.

நான் ஓடிப்போய் அவர் காதருகே குனிந்தேன். “அத்தை, உங்க காலப் புடிக்கிறேன். அவரு போனப்புறம் உக்காருங்களேன்.”

“அவரு முன்னாடிதானேம்மா அவளத் திட்டினேன்?” என்று கேட்டுவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டார்.

ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். “எவ்வளவு நேரம்?”

“அறுபத்தொரு நிமிஷம் சார்” என்றேன் நான்.

“விளையாடுறீங்களா? பொறுப்பாளர் கூட வந்துதான் காட்டணும், அதான் விதி. இல்லன்னா ஆய்வு நடக்கலன்னு எழுதிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன்.”

அத்தை அசையவில்லை. அவர் கண் மட்டும் சுவரிலிருந்த பழைய உரிமத்துக்குப் போய் வந்தது. இருபத்தெட்டு வருடம் வளர்த்த இடம், பயம் இல்லாமலா இருக்கும்? எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதே சமயம், இந்த மனுஷிக்கு மருமகளாக வாய்த்தேனே என்று பெருமையாகவும் இருந்தது.

ஆய்வாளர் ஃபைலை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். அங்கே வழியை மறித்துக்கொண்டு வாலு நின்றாள்.

“நான் எடுக்கலன்னு சொன்னேன். நீங்களும் கேக்கல” என்றாள்.

அதில் கோபமில்லை. மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். மனிதர் அப்படியே நின்றுவிட்டார். அவளைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், ஷூவைக் கழற்றினார்.

“தப்புதான், பாப்பா. மன்னிச்சுக்கோ” என்றவர் என் பக்கம் திரும்பினார். “எனக்கு ஐம்பத்து நாலு. வேற நாற்காலி இருக்காம்மா?”

பச்சை நாற்காலி ஒன்றைத் துடைத்துப் போட்டேன். முழங்கால் முகவாயை இடிக்க, அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஃபைலை மடியில் விரித்துப் பேனாவைத் திறந்தார். “ரூம் எல்லாம் அப்புறமா சேந்தே பாத்துக்கலாம்மா. அதுக்குள்ள இந்தக் கையெழுத்த…”

“பேசக் கூடாது” என்றாள் வாலு.

வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.