லேப்டாப்புக்கு வைத்த சந்தனம்

இன்று ஒரு கம்பெனியின் ஆன்லைன் தேர்வு. வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் எனக்கு வந்த ஒரே அழைப்பு.

பாதி எழுதும்போது லேப்டாப் தோசைக்கல்லாகச் சுட்டு, அணைந்தே போனது. மறுபடி உள்ளே போனால், உங்கள் தேர்வு முடிந்துவிட்டது என்கிறது.

உத்திரமேரூர் பஜாரில் கம்ப்யூட்டர் கடைக்காரர் கழற்றிப் பார்த்தார்.

“இன்னா சார், காத்து போற ஓட்டையெல்லாம் சந்தனமா கீது?”

ஆயுத பூஜையன்று பம்புசெட் மோட்டாருக்கு வைத்த கையோடு, அப்பா இதற்கும் அப்பியிருக்கிறார்.

வீட்டுக்குப் போய்க் கத்தினேன். அவர் அசரவில்லை.

“பூஜ போட்டதுக்கே இந்த கதி. போடாம வுட்டிருந்தா இன்னா ஆயிருக்கும், சொல்லு?”

இனி கம்பெனிக்கு மெயில் எழுத வேண்டும். உண்மையைச் சொன்னால் சிரிப்பார்கள். நம்புகிற மாதிரி ஒரு பொய் இருந்தால் சொல்லுங்கள்.