வியாழக்கிழமைக் கால்

மரத்தூளும் மண்ணெண்ணெயும் போட்டுக் கைக் கரியைத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஃபக்ருதீன் பாய் ஃபோனை எடுக்கிறார். தொண்டையைச் செருமி ஒரு பெரிய அதிகாரியாகிறார். "மேடம், கால் வீங்கியிருக்கு. கம்பெனி இன்சூரன்ஸ்." தனியார் ஆஸ்பத்திரிப் பெண், "இன்னிக்கு நாலு மணிக்கு வாங்க சார்" என்கிறாள். ஒரு டீ குடித்துவிட்டு, வேறு சிம்மிலிருந்து மறுபடி கூப்பிடுகிறார். "அம்மா, காலு வீங்கிகினு கீதும்மா. கவர்மென்ட் கார்டு." "அதுக்கு வியாழக்கிழமைதாங்க."

பாய்க்குத் திருத்தணியில் டூவீலர் மெக்கானிக் கடை. கிளம்பாத வண்டியை யார் தள்ளிக்கொண்டு வந்தாலும் பிளக்கை மட்டும் மாற்றி உதைப்பார். அசையாவிட்டால் பழைய பிளக்கையே போட்டுவிட்டு அடுத்ததைத் தொடுவார். "ஒரு நேரத்துல ஒன்னதான் மாத்தணும். எல்லாத்தையும் மாத்திட்டா கோளாறு எதுலன்னு எவனுக்குத் தெரியும்?"

போன மாதம் அவர் மனைவி ரோஷன் பீக்குக் கால் வீங்கியது. சர்க்கரை வேறு உண்டு. இதே தனியார் ஆஸ்பத்திரியில், அரசுக் காப்பீட்டு அட்டை என்றதும் வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்க்கும் வாடிக்கைக்காரர் நாகேந்திரனோ, வெறும் சளிக்கு அன்று மாலையே அதே டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். "கம்பெனி கார்டு பாய்" என்றார். அன்று பிடித்தது இந்தப் பைத்தியம். இருமல், முதுகுவலி, காதடைப்பு என்று நோயை மாற்றிப் பார்த்தார், நாள் மாறவில்லை. அட்டையை மாற்றினார், மாறியது. "ரெண்டும் ஒரே காலு. ஒன்னு மட்டும் எப்டி வியாழக்கிழமை வரிக்கும் பொறுத்துக்குது?" என்று கடைக்கு வருகிறவர்களை எல்லாம் கேட்பார். பதிலுக்காக நிஜமாகவே காத்திருப்பார்.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்றால், "வரிசைல நிக்க காலு வாணாமா?" என்பாள் ரோஷன் பீ.

இந்தத் திங்கட்கிழமை அந்தக் கால் மறுபடி வீங்கிச் சிவந்து, பெருவிரலில் நீர் கோத்துக்கொண்டது. பாய் உடனே ஃபோனை எடுத்தார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டபோது குரலை மாற்றத் தோன்றவில்லை.

"சொல்லுங்க பாய், இன்னிக்கு எந்த கார்டு?" என்றாள் அந்தப் பெண், விஜி. இந்த விளையாட்டு அவளுக்கு எத்தனை நாளாகத் தெரியுமோ!

"இன்னிக்கு வெளாட்டு இல்லம்மா. நெசமாவே என் வூட்டுக்காரிக்கு. கவர்மென்ட் கார்டுதான்."

விஜி கீபோர்டைத் தட்டிப் பார்த்தாள். "வியாழக்கிழமைதான் காட்டுது பாய். நான் இன்னா பண்ணட்டும்?"

நோயை மாற்றியாயிற்று, அட்டையை மாற்றியாயிற்று. மாற்றிப் பார்க்காதது ஒன்றுதான், ஃபோனை விட்டு நேரில் போவது. பாய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ரிப்பேர் முடிந்து நின்ற நாகேந்திரனின் வண்டியிலேயே மனைவியை ஏற்றிக்கொண்டு போனார்.

விஜியின் மேசைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு ரோஷன் பீயை உட்காரவைத்தார்.

"கார்டு குடுங்க பாய்" என்றாள் விஜி, பழக்க தோஷத்தில்.

"தரேம்மா. மொதல்ல இத எட்டிப் பாத்து நீயே சொல்லு, இது எந்த கார்டு காலுன்னு."

விஜி கீபோர்டை விட்டுவிட்டு எழுந்தாள். பாய் தரையில் மண்டியிட்டு, செருப்பைக் கழற்றி, அந்தக் காலை இரண்டு கைகளிலும் ஏந்திப் பிடித்திருந்தார்.