வீடிருந்தும் வராந்தாவுக்குப் போனவள்

செய்தி வந்தபோது நான் கம்ப்ரஸர் அறையில் இருந்தேன். தோப்பும்படியில் இறால் உறைய வைக்கும் ஆலை ஒன்றில் நான் குளிர்பதன மெக்கானிக். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காது. பஜார் ரோட்டில் சுமை தூக்கும் வர்கீஸ் சேட்டன் சைக்கிளை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்து ஏதோ சொன்னார். "என்ன?" என்றேன். மறுபடி சொன்னார். கடைசியில் என் காதில் வாயை வைத்துக் கத்தினார்: "நின்றெ பேச்சி போயெடா!" ஒரு சாவை இப்படிக் கத்திச் சொல்ல நேர்ந்ததே என்று அவர் இன்னும் வருத்தப்படுகிறார். விடுங்கள் சேட்டா, அங்கே வேறு எப்படிச் சொல்ல முடியும்?

என் அக்கா பேச்சியம்மாள் மட்டாஞ்சேரியில் ஒரு பாண்டிகசாலை வராந்தாவில், உட்கார்ந்தபடியே, சாயங்காலம் இறந்துபோனாள். பாண்டிகசாலை என்றால் மிளகும் சுக்கும் அடுக்கி வைக்கும் கிடங்கு. எங்களுக்குச் சுள்ளிக்கல்லில் வாடகை அறை இருக்கிறது. பூட்டு, சாவி, கரண்ட் விளக்கு எல்லாம் இருக்கிறது. சுடுகாட்டிலேயே கேட்டுவிட்டார்கள்: "வீடு இருக்கும்போது அவ ஏன் அங்க போய்ச் சாகணும்?" கேட்காதவர்கள், நான் அவளை வெளியே தள்ளிவிட்டேன் என்று தங்களுக்குள் முடிவு செய்துகொண்டார்கள். அவளைத் தெரிந்த உங்கள் எல்லோருக்கும் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். ஒவ்வொருவராகப் பிடித்து விளக்க எனக்குப் பொறுமை கிடையாது.

திருநெல்வேலிப் பக்கமிருந்து எங்களை இங்கே கூட்டிவந்த அம்மா காய்ச்சலில் போனபோது நான் பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு வரவில்லை. அக்காவுக்குப் பதினான்கு இருக்கலாம். அம்மா சுக்குப் பொறுக்கிய இடத்தில் அக்கா உட்கார்ந்தாள். அம்மா படுத்த வராந்தா இடமும் எங்களுக்கு வந்தது. அங்கே ஐந்தாறு குடும்பங்கள். சட்டம் ஒன்றே ஒன்று: அந்தி சாயும்போது உன் இடத்தில் நீ இருக்க வேண்டும். மூட்டையை வைத்துவிட்டுப் போனால் மூட்டை ரோட்டில் கிடக்கும். எங்களுடையது உள்சுவரை ஒட்டிய இடம். ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழை சாய்ந்து அடிக்கும்போது வராந்தா முழுக்க நனையும். சுவரோரம் இரண்டு பாய் அகலம் மட்டும் காய்ந்திருக்கும். அதன்மேல் எல்லோருக்கும் கண். அக்கா எந்தச் சண்டைக்கும் எழுந்து நின்றதில்லை, உட்கார்ந்தே சண்டை போடுவாள். "எந்திரிச்சாத்தானல எடம் போவும்" என்பாள்.

ஒருமுறை அநாதை இல்லம் நடத்தும் பெரியவர் ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, நல்ல மனிதர்தான். என்னை அனுப்பினால் மூன்று வேளையும் சோறு, படிப்பு. அக்காவுக்கு ஆலுவாவில் பெண்கள் இல்லம் என்றார். அக்கா சுக்குத் தூசியை முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு எடத்துல கெடந்தா நாங்க ரெண்டு அநாதை. ஒரு எடத்துல கெடந்தா அக்கா தம்பி." அவர் போனதும் நான் அழுதேன். "ஏல, சோத்துக்கு அழுதியா, என்னைப் பிரியணுமேன்னு அழுதியா?" என்றாள். "சோத்துக்கு" என்றேன். அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பில் வராந்தாவே எங்களைத் திரும்பிப் பார்த்தது.

இந்த ஊரில் பள்ளிக்கூடத்தில் முதலில் வீட்டுப் பேரைத்தான் கேட்பார்கள். வீடே இல்லாதவனுக்கு வீட்டுப் பேர் எங்கே? அக்கா யோசிக்காமல் பாண்டிகசாலையின் பேரைச் சொல்லிவிட்டாள். கிடங்கு முதலாளிக்கு ஏதோ வகையில் சொந்தம் என்று நினைத்து மாஸ்டர் என்னை முதல் பெஞ்சில் உட்கார வைத்தார். மழைக்காலம் வந்து, குடையில்லாமல் சட்டையும் புத்தகமும் தினமும் நனைந்து வரத் தொடங்கியதும் கடைசி பெஞ்சுக்கு மாற்றினார். வந்து சொன்னேன். "பெஞ்சு எதுவா இருந்தா என்ன, பாடம் அங்கயும் கேக்கும்லா?" என்றாள். கேட்டது. அதை வைத்துத்தான் தொழிற்பயிற்சிப் பள்ளி வரை போனேன்.

வேலை கிடைத்து அறை எடுத்தபோது, இனி வராந்தா பக்கமே போகக் கூடாது என்றேன். சரி என்றாள். மறுநாள் சாயங்காலமே கிளம்பிவிட்டாள். அந்த இடத்தில் கல்யாணி என்ற பெண்ணையும் அவளுடைய இரண்டு குழந்தைகளையும் படுக்க வைத்திருந்தாள். இருந்தும் தினமும் அந்திக்குப் போய், எல்லோரும் பாய் விரித்து அடங்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, இருமிக்கொண்டே சுள்ளிக்கல்லுக்கு நடந்து வருவாள். சுக்குக்குப் போடும் சுண்ணாம்புத் தூசி அவள் நெஞ்சை அரித்திருந்தது. வராந்தாக்காரிகளே கேட்டார்கள்: "வீட்டுக்காரிக்கு வராந்தா எதுக்குடீ?" நானும் கத்தினேன். மானம் போகிறது என்றேன். அவள் அமைதியாகக் கேட்டாள்.

"ஒங்க ஆலையில மெசினு ஒண்ணு ஓடுனா போதும்லா? பெறகு எதுக்கு ரெண்டு வச்சிருக்கீய?"

"ஒண்ணு நின்னா இன்னொண்ணு ஓட்டணும்."

"அப்ப என்னை எதுக்குல ஏசுத?"

மறுபடியும் கத்தினேன். பதில் இல்லாதபோது எனக்குக் கோபம்தான் வரும்.

அடுத்த மழைக்காலத்தில் வீட்டுக்காரர் மகளுக்குக் கல்யாணம் வைத்து, அறையை உடனே காலி செய்யச் சொன்னார். மாசச் சம்பளக்காரனான நான் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, கொட்டும் மழையில் அக்காவின் பின்னால் வராந்தாவுக்கு நடந்தேன். எங்களைப் பார்த்ததும் கல்யாணி பாயைச் சுருட்டிக்கொண்டு நனையும் பக்கம் போனாள். வேறு அறை கிடைக்கும்வரை, துணி காயப்போட இடமில்லாமல், ஈரச் சட்டையோடுதான் வேலைக்குப் போனேன். "எடா, எறாலோட சேர்த்து உன்னையும் கழுவினாங்களா?" என்று ஆலையில் கேலி செய்தார்கள். சுள்ளிக்கல்லிலேயே இப்போதுள்ள அறை கிடைத்தது. கல்யாணி மறுபடி சுவரோரம் வந்தாள். அதற்குப் பிறகு நான் அக்காவிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எங்கள் இருவருக்காகத்தான் அவள் இடம் காக்கிறாள் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தகனம் முடிந்த மறுநாள் சாயங்காலம், அவள் செருப்பை எடுத்துவரலாம் என்று வராந்தாவுக்குப் போனேன். சுவரோரம் கைவண்டி இழுக்கும் மூன்று பேர் மூட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஊருக்குப் புதியவர்கள். கல்யாணி இரண்டு குழந்தைகளோடு படியோரம் நின்றாள். அடிதடி, சத்தம் ஒன்றும் இல்லை. இடத்துக்காரி செத்துப்போனாள், கல்யாணி அவள் சொல்லி அங்கே படுத்தவள்தான்; இடம் காலி, அவ்வளவுதான். என்னை யாரென்று தெரிந்துகொண்டு அவர்களில் ஒருவர் மரியாதையாகவே கேட்டார்:

"தம்பி, இதுக்கு இனி ஆளு உண்டா?"

கல்யாணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா இத்தனை நாளும் அந்திக்கு வந்து என்ன செய்துகொண்டிருந்தாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்க ஓர் ஆள் இருந்தால்தான் கல்யாணியை யாரும் எழுப்ப மாட்டார்கள். அந்த ஆளாக அக்கா தினமும் எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டிருந்தாள். அதுதான் அவள் செய்த வேலை. இருமலோடு, நடந்தே போய், ஒரு நாளும் விடாமல்.

எனக்கு இஷ்டமே இல்லை. உடம்பு அலுத்திருந்தது. இனி இந்தப் படியை மிதிக்கக் கூடாது என்று நினைத்துத்தான் வந்திருந்தேன்.

"உண்டு. நான்தான்" என்றேன்.

அவர்கள் எழுந்துகொண்டார்கள். கல்யாணி பாயை விரித்தாள். "தாங்க்ஸ் ஒண்ணும் வேண்டாம்" என்று முந்திக்கொண்டு சொன்னேன். "ஞான் பறஞ்ஞில்லல்லோ" என்றாள். உண்மைதான், அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அக்காவிடமிருந்து எனக்கு வந்தது அந்தச் சுவரோரம் மட்டும்தான். எனக்கு அதன்மேல் பாத்தியதையும் இல்லை, அங்கே படுக்கும் தேவையும் இப்போது இல்லை. வேலை விட்டதும் போய் உட்காருகிறேன். அலுப்பாகத்தான் இருக்கிறது. அவளுக்கும் இருந்திருக்கும், சொன்னதில்லை. நான் சொல்லிக்கொண்டேதான் போகிறேன்.