இவாஞ்சலின் எடுத்த வறட்சிப் படம்

திருச்சுழிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அரசுப் பல்கலைக்கழகத்துக்குச் சினிமா படிக்கப் போன முதல் ஆள் இவாஞ்சலின். இரண்டாவது ஆள் இன்னும் கிளம்பவில்லை. அதற்குத் தானும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

சேர்ந்த முதல் வாரம் ஒவ்வொருவராக எழுந்து ஊர் பெயரைச் சொன்னார்கள். இவள் "திருச்சுழி" என்றதும் பேராசிரியர் சௌந்தரபாண்டியன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வானம் பார்த்த பூமி! உங்ககிட்டதாம்மா கதை இருக்கு" என்றார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அருப்புக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் பட்டிக்காடு என்று பெயர் வாங்கியவளை முதல்முறையாகச் சிலர் பொறாமையோடு பார்த்தார்கள். அது தலைக்கு ஏறிவிட்டது.

அதன்பிறகு கேன்டீனில் தண்ணீர் குடிப்பதென்றால்கூட டம்ளரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள். விடியுமுன்னே குடத்தோடு கிளம்பி ஊர்ஊராக நடந்த கதையைச் சொன்னாள். உண்மையில் குழாய் அவள் வீட்டு வாசலிலேயே இருந்தது. தண்ணீர் வரும் நேரத்தில் அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். அம்மா தெரசாள்தான் திட்டிக்கொண்டே பிடித்து வைப்பாள்.

கடைசி வருஷத்தில் ஆளுக்கொரு குறும்படம் எடுக்க வேண்டும். என்ன எடுக்கப்போகிறாய் என்று இவாஞ்சலினை மட்டும் யாரும் கேட்கவில்லை. வறட்சிதான் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். சென்னைப் பையன் முகம்மது அனீஸ் ஒளிப்பதிவுக்கு வந்தான். வெடித்த நிலத்தைப் படுத்துக்கொண்டு எடுக்க வேண்டும் என்று பாய்கூட வாங்கிக்கொண்டான். ஒலிப்பதிவுக்கு வகுப்புத் தோழி அஸ்மா.

பல்கலைக்கழகக் கேமராவுக்கு வரிசை நீளம். இவர்கள் முறை வந்தபோது கார்த்திகை பிறந்துவிட்டது. மழை பெய்யக் கூடாது என்று ஜெபம் பண்ணிய முதல் ஆளும் அந்தத் தாலுகாவில் அவளாகத்தான் இருக்க வேண்டும். ஜெபம் பலிக்கவில்லை. அருப்புக்கோட்டையில் மாறி ஏறிய பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே கண்மாய் கரை தொட்டுக் கிடந்தது.

"இது என்ன ஏரி?" என்றான் அனீஸ்.

"எப்பவாச்சும் இப்பிடி ஆகும்" என்றாள், ஏதோ நோய் கண்டதுபோல.

வீட்டு வாசல் குழாயில் கை கழுவிய அஸ்மா, "ஆன்ட்டி, இவ தண்ணிக்கு எவ்வளவு தூரம் நடந்துபோவா?" என்று கேட்டுவிட்டாள்.

"இவளா? கட்டில்ல இருந்து இந்தக் கொழாய்க்கு நடந்திருந்தாலே நான் கோயிலுக்குக் காணிக்கை போட்டுருப்பேனே!" என்றாள் தெரசாள்.

அனீஸ் பாயைப் பார்த்தான். இவாஞ்சலினுக்குக் காது சுட்டது. ஆனாலும் விடவில்லை. மறுநாள் காலையில் ஊருக்கு வெளியே கருவேலம் புதருக்கு நடுவில் ஒரு சரளை மேட்டைக் கண்டுபிடித்தாள். எதிர்வீட்டுச் செல்லக்கிளி அத்தையை வெறுங்குடத்தோடு அழுதுகொண்டு நடந்துவரச் சொல்லியிருந்தாள்.

செல்லக்கிளி பட்டுச்சேலை, பவுடர், தலை நிறையப் பூவோடு வந்தாள். இடுப்பில் குடம் தளும்பியது.

"அத்தே, குடம் காலியா இருக்கணும்னு சொன்னேன்ல?"

"வெறுங்குடத்தோட எதுக்க வந்தா வெளங்குமாத்தா? அதான் நெறச்சுட்டு வந்தேன்."

"இது வறட்சிப் படம் அத்தே. கொஞ்சம் அழணும்."

"கம்மா நெறஞ்சு தண்ணி மறுகால் வழியா வெளிய பாயுது. நாளைக்குப் பேத்திக்குக் காதுகுத்து. இப்பப் போயி அழச் சொல்றியே, ஒனக்கு என்னத்தா கொறச்சல்?"

இவாஞ்சலின் கெஞ்சினாள், அழுது காட்டினாள், கடைசியில் நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. செல்லக்கிளி பதறிப்போய்த் தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் குடிக்கக் கொடுத்தாள். பாயில் படுத்திருந்த அனீஸ் சிரித்த சிரிப்பில் கேமரா ஆடியது. ஆனால் பதிவை அவன் நிறுத்தவில்லை. சற்று நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நால்வரும் பாயைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள்.

மறுபடி கேமரா கிடைக்க வழியில்லை. கையில் இருந்தது அந்தக் கெஞ்சல் மட்டும்தான். வேறு வழியில்லாமல் அதையே வெட்டி ஒட்டிக் கொடுத்தாள். திரையிட்ட அன்று வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. விளக்கு போட்டதும் பேராசிரியர், "வறட்சி எங்கம்மா?" என்றார்.

"நான் பேசினதுல மட்டும்தான் சார் இருந்துச்சு."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சுமாரான மதிப்பெண்தான் போட்டார், அதிலும் பெரும்பங்கு ஒலிப்பதிவுக்கு. அன்றைக்கு மாலை கேன்டீனில் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தபோது அவளுக்கு ரொம்ப நாளைக்கப்புறம் நிம்மதியாக இருந்தது.

இப்போது மதுரையில் கல்யாண வீடியோக்களுக்கு எடிட்டிங் செய்கிறாள். போன மாதம் ஊருக்கு வந்தபோது செல்போனில் அந்தப் படத்தைச் செல்லக்கிளிக்குப் போட்டுக் காட்டினாள். அத்தை கண் இமைக்காமல் முழுசும் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ எதுக்குத்தா குறுக்க குறுக்க வார?"